தோட்டத்து ஊரில் ராக் பேண்ட்: ஆள் ஊரை விட்டுப் போனாலும் நிலைக்கும்படி கட்டுவது எப்படி

மலேசியத் தோட்டப்புறத்தில் தொடங்கும் பேண்டுகள் திறமை இல்லாமல் கலைவது அபூர்வம். பள்ளிக் கடைசித் தேர்வான எஸ்பிஎம் முடிந்ததும் ஒருவர் பாலிடெக்னிக் போவார், இன்னொருவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைக்கும், மூன்றாமவர் கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் வாடகை அறை பார்த்துவிடுவார். ஆறு சொந்தப் பாட்டு இருந்திருக்கும். யார் எந்த இடத்தில் எப்படி வாசித்தார்கள் என்பதோ அந்தந்த ஆளின் விரலோடு போய்விடும். ஆகவே ஆள் போவார் என்று வைத்துக்கொண்டே முதல் நாளிலிருந்து பேண்டைக் கட்ட வேண்டும். கீழே சொல்வது எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டை மனத்தில் வைத்து எழுதுகிறோம். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊர், தெற்கே ஈப்போ அதிக தூரமில்லை. பீடோர், லாபிஸ், சுங்கை பட்டாணி என்று எந்த ஊருக்கும் சிறு மாற்றங்களோடு பொருந்தும்.

ஆள் சேர்ப்பது

நான்கு பேர் போதும்: கித்தார், பேஸ், டிரம்ஸ், பாடிக்கொண்டே ரிதம் கித்தார் வாசிக்கும் ஒருவர். ஐந்தாவது ஆள் வந்தால் சாமானோடு ஒரே காரில் போக முடியாது. வெளியூர் நிகழ்ச்சியின் பெட்ரோல், டோல் செலவு இரண்டு மடங்காகும். சிறிய பேண்டுக்கு இது பெரிய விஷயம்.

டிரம்ஸுக்கு ஆள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். உறுமி மேளக் குழு இல்லாத தோட்டத்து ஊர் அரிது. அந்தப் பிள்ளைகளுக்குக் கை தயாராக இருக்கிறது, ஆறெட்டு நடை இரத்தத்தில் ஓடுகிறது. பழக வேண்டியது கால்தான். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 70 அடியில் வையுங்கள். ஒரு பாரில் (நான்கு எண்ணிக்கைச் சுற்று) வலது கை ஹைஹேட்டில் (மிதித்து மூடும் ஜோடித் தாளம்) எட்டு அடி, கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) 1லும் 3லும், ஸ்னேர் (முன்னால் இருக்கும் சின்ன டிரம்) 2லும் 4லும். நாளுக்குப் பத்து நிமிடம் நிறுத்தாமல் வாசிக்கட்டும். ஒரு வாரம் பிசகாமல் வந்தால் 5 அடி கூட்டுங்கள். உறுமியிலிருந்து வருபவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கும்: உற்சாகம் ஏற ஏற வேகமும் ஏறும். ஊர்வலத்தில் அதுதான் அழகு. பதிவு செய்யும்போது மற்ற மூவரும் அதன் பின்னால் ஓட வேண்டியிருக்கும். அதை அடியோடு அடக்கவும் வேண்டாம். பாட்டின் கடைசி எட்டு பாரை வேண்டுமென்றே வேகம் ஏறும்படி அமைத்து, அந்தச் சக்திக்கு ஒரு இடம் கொடுங்கள். தைப்பூசம், பங்குனி உத்திரம், ஆடி மாதத் திருவிழாக்களில் அவர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். ஆண்டுத் தொடக்கத்திலேயே அந்தத் தேதிகளை நாட்காட்டியில் அடைத்துவிடுங்கள்.

பேஸை, கித்தார் சரியாக வராதவரிடம் தள்ளிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. தவறு. குழுவில் தாளத்தை அதிகப் பொறுமையோடு பிடிப்பவர் யாரோ அவரிடம் கொடுங்கள். டிரம்ஸும் பேஸும் ஒட்டிவிட்டால் கித்தாரில் விடும் பிழை பாதி மறைந்துவிடும்.

முதல் பாட்டுக்கு முன்னால் ஒரு பக்கத் தாள்

பணமும் பெயரும் வந்த பிறகு பேச்சுவார்த்தை நடத்தினால் சண்டைதான். எதுவும் இல்லாதபோதே ஒரு பக்கத்தில் எழுதி நால்வரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டின் உரிமை எப்படிப் பிரியும், பேண்டின் பெயர் யாருக்குச் சொந்தம், விலக எத்தனை மாத முன்னறிவிப்பு, பொதுப் பணத்தில் வாங்கிய சாமான் யாரிடம் இருக்கும். இந்த நான்கு கேள்விக்கும் பதில் அதில் இருக்க வேண்டும்.

பாட்டுரிமையைச் சமமாகப் பிரிப்பதே எங்கள் பரிந்துரை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊரில் 1980இல் தொடங்கிய ஆர்.இ.எம். பேண்ட், யார் எழுதினாலும் பாட்டுகளை நால்வர் பெயரிலுமே போட்டது. 1997இல் டிரம்மர் பில் பெரி விலகினார். மற்ற மூவரும் தொடர்ந்து, 2011இல் தாங்களே முடிவெடுத்து நிறுத்தினார்கள். எந்தப் பாட்டு யாருடையது என்ற கணக்கு இல்லாததால், யாருடைய பாட்டை ஆல்பத்தில் சேர்ப்பது என்ற போட்டிக்கே அங்கு வேலை இல்லை. ஆள் போனாலும் பேண்ட் நிற்கும் என்பதற்கு நம் ஊர்க்காரர்களையே பாருங்கள். பினாங்கிலிருந்து கிளம்பிய அலிகேட்ஸ் பேண்டில் லோகா ஆறுமுகம் 2007இல் மறைந்த பிறகும் அண்ணன் டேவிட் மேடையை விடவில்லை.

நிகழ்ச்சிக் கூலியை இப்படிப் பிரியுங்கள்: முதலில் போக்குவரத்தும் சாப்பாடும் கழியட்டும், மீதியை நால்வருக்கும் பேண்டுக்குமாக ஐந்து பங்காக்குங்கள். 600 ரிங்கிட் வந்து 100 செலவானால் ஆளுக்கு 100, பேண்ட் நிதிக்கு 100. அந்த நிதி ஒருவரின் சொந்தக் கணக்கில் கிடக்கக் கூடாது. தொடர்ந்து கூலி வரத் தொடங்கியதும் நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் பங்குதாரர் வணிகமாகப் பதியுங்கள். வணிகப் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் 60 ரிங்கிட். அந்தச் சான்றிதழை வைத்து, இருவர் ஒப்புதல் கொடுத்தால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு திறக்கலாம்.

பயிற்சி இடம், நேரம்

ஈப்போவில் வாடகை ஜேமிங் ஸ்டூடியோ கிடைக்கும். ஆனால் மணிக்கணக்கில் காசு கொடுக்கும் இடத்தில் பாட்டு உருவாகாது. அங்கே போவது உருவானதை இறுக்கிப் பார்க்க மட்டும். பாட்டு பிறப்பது பழைய லயத்து வீட்டின் பின்கட்டிலோ தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் கார் நிறுத்துமிடத்திலோதான்.

அங்கே இரண்டு தொல்லை. முதலாவது, சத்தம் வெளியே போவது. முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டினால் சத்தம் நிற்கும் என்று சொல்வதை நம்பாதீர்கள். அது உச்ச ஒலியின் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். கிக்கும் பேஸும் அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போகும், தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. சத்தத்தை நிறுத்துவது கனமும் காற்றுப் புகாத அடைப்பும். தகரக் கூரை வீட்டில் இரண்டும் சாத்தியமில்லை. அதனால் சத்தம் பிறக்கும் இடத்திலேயே குறைக்க வேண்டும்: டிரம்ஸுக்கு மெல்லிய குச்சிகளைக் கட்டிய ராட்ஸ், ஸ்னேர் மேல் மடித்த துணி, கித்தார் ஆம்பைத் தரையிலிருந்து தூக்கி வாசிப்பவரின் காதை நோக்கிச் சாய்த்து வைப்பது. காதுக்கு நேராக வந்தால் அவரே வால்யூமைக் குறைத்துவிடுவார். அறைக்குள் எதிரொலியைக் குறைக்கப் பழைய பஞ்சு மெத்தையை டிரம்ஸுக்குப் பின்னாலும் எதிர்ச் சுவரிலும் நிறுத்தினால் போதும்.

இரண்டாவது தொல்லை நேரம். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன் எழுகிறார்கள், இரவு ஒன்பதுக்கு மேல் ஒரு அடி கூட அடிக்கக் கூடாது. ஆலையில் இரவு ஷிப்டு பார்த்தவர் பகலில் தூங்குவார். மாலையில் கோயில் பூசையும் மஃரிப் தொழுகை அழைப்பும் வரும். இதெல்லாம் போக மிஞ்சுவது சனி, ஞாயிறு பிற்பகல் நான்கு முதல் ஆறரை வரை. அக்கம்பக்கத்து வீடுகளுக்கு நேரில் போய் இந்த நேரத்தைச் சொல்லி, ஒரு கைப்பேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள். போலீசுக்குப் போகும் புகார் முதலில் உங்களிடம் வரும்.

கிடைக்கும் இரண்டரை மணியில் முதல் கால் மணி சாமான் வைக்க. பிறகு ஒரு மணி நேரம் புதிய பாட்டு ஒன்றின் ஒரே ஒரு பகுதி. மீதியில் பழைய பாட்டுகளை நிறுத்தாமல் வரிசையாக வாசியுங்கள். ஒலி அளவுக்கு ஒரே விதி: முதலில் மைக்கை ஊளை எழும் அளவுக்குச் சற்றுக் கீழே வையுங்கள், மற்ற எல்லாரும் அந்தக் குரலுக்குக் கீழே அடங்க வேண்டும். இந்த விதியைக் காப்பாற்றும் பேண்ட் எந்த மண்டபத்திலும் தப்பிக்கும்.

மின்சாரம்

இதில் மட்டும் அவசரம் கூடாது. 13 ஆம்பியர் பிளக் ஒன்று ஏறக்குறைய 3,000 வாட் தாங்கும். நால்வர் பேண்டின் மொத்தத் தேவை அதில் பாதியைத் தொடுவதே அரிது. ஆகவே மெயின் சுவிட்ச் விழுந்தால் பேண்டின் பளு அதிகம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு சாமானில் மின்கசிவு இருக்கும், அல்லது யாரோ அதே எக்ஸ்டென்ஷனில் தண்ணீர் சுடவைக்கும் கெட்டிலைப் போட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் கழற்றி ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதை ஒதுக்கி வையுங்கள். சுருளில் சுற்றிய நீள எக்ஸ்டென்ஷனை முழுதும் பிரித்துவிட்டே பயன்படுத்துங்கள். சுற்றியபடி விட்டால் உள்ளே சூடேறி உருகும்.

திருவிழாவில் ஜெனரேட்டரில் வாசிக்கும்போதும், பழைய வீட்டில் இரண்டு அறைகளின் பிளக்கைப் பயன்படுத்தும்போதும், பாடுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கித்தார் கம்பியிலும் மறு முனையை மைக்கின் வலைத் தலையிலும் தொடுங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் நிலையாகக் காட்டினால் யாரும் மைக்கில் வாயை வைக்கக் கூடாது. கித்தாரைப் பிடித்த கைக்கும் மைக்கைத் தொட்ட உதட்டுக்கும் இடையில் மின்சாரம் பாயும், ஆளைக் கொல்லவும் செய்யும். பெரும்பாலும் எர்த் கோளாறே காரணம், எலெக்ட்ரீஷியன் வந்து சரிபார்க்கும்வரை காத்திருங்கள். இரைச்சலை நிறுத்துவதற்காகப் பிளக்கின் எர்த் இணைப்பை ஒருபோதும் கழற்றாதீர்கள்.

ஜெனரேட்டரில் அலங்கார விளக்குகள் ஒன்றாக ஏறும்போது வோல்ட்டேஜ் சரிந்து கீபோர்டும் டிஜிட்டல் மிக்சரும் அணைந்து எழும். மேடைக்குத் தனி வரி கேட்டு வாங்குங்கள்.

சாமான்

குறைந்தபட்சம் இவ்வளவு: 40 வாட் டிரான்சிஸ்டர் அல்லது 15 வாட் வால்வ் கித்தார் ஆம்ப், 100 வாட்டுக்குக் குறையாத பேஸ் ஆம்ப், ஷூர் எஸ்எம்58 மைக் இரண்டு, 12 அங்குல பவர் ஸ்பீக்கர் இரண்டு, நான்கு துண்டு டிரம் செட். டிரம் செட்டைப் பழையதாக வாங்கலாம். சிம்பலை அப்படி வாங்குமுன் விளிம்பில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

நம் காற்றின் ஈரம் கித்தாருக்கு எதிரி. வாசித்து முடித்ததும் கம்பியின் மேலும் கீழும் காய்ந்த துணியால் துடையுங்கள், பையில் சிலிக்கா ஜெல் போடுங்கள். கழுத்து வளைந்து கம்பி உயர்ந்தால் டிரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடி அதை நிமிர்த்தும் தண்டு) ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம், ஒரு நாள் விட்டுப் பாருங்கள். குளிர்சாதன அறையிலிருந்து திறந்த மண்டபத்துக்குப் போனால் கித்தாரை இருபது நிமிடம் வெளியே வைத்த பிறகே ட்யூன் செய்யுங்கள்.

பாட்டுத் தாளும் தனித்தனிப் பதிவும்

ஆள் போனாலும் பேண்ட் நிற்பது இந்த ஒரு வேலையால்தான். ஒவ்வொரு சொந்தப் பாட்டுக்கும் ஒரு தாள்: வேகம், சுருதி, எத்தனை பார் எங்கே, கித்தார் ட்யூனிங், கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) எந்தக் கட்டையில். கித்தார் எஃபெக்ட் பெடலின் திருகுகளைக் கைப்பேசியில் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொருவரும் மெட்ரோனோமின் கிளிக் சத்தத்தைக் காதில் கேட்டுத் தம் பகுதியைத் தனியாக முதல் பாரிலிருந்து கடைசி பார் வரை பதிவு செய்யட்டும். ஒலியைக் கணினிக்குள் அனுப்ப, இரண்டு உள்ளீடு கொண்ட சாதாரண இண்டர்ஃபேஸ் போதும். கோப்புகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து தொடங்கினால் புதிதாக வருபவர் போன ஆளின் பகுதியை மட்டும் அடைத்துவிட்டு மற்ற மூவரோடும் வீட்டிலேயே பழகலாம். சேமிக்கும் கணக்கு பேண்டின் பெயரில் தொடங்கிய மின்னஞ்சலில் இருக்கட்டும். ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் வைத்தால் அவரோடு பாட்டும் போகும்.

தமிழில் ராக் எழுதும்போது

தமிழில் குறிலை நீட்டினால் சொல்லே மாறும். நீளும் சுரத்தில் "மலை" வைத்தால் "மாலை" என்று கேட்கும், "கல்" என்பது "கால்" ஆகும். மெட்டு முதலில் பிறந்தால் நீளும் இடங்களைக் குறித்து வைத்து அங்கே நெடிலில் விழும் சொல்லைத் தேடுங்கள். டிஸ்டார்ஷன் கித்தார் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை நிறைந்திருக்கும். மெய்யெழுத்துகளின் தெளிவு இருப்பதும் அங்கேதான். பாடும் இடங்களில் கித்தாரை 3,000 ஹெர்ட்ஸ் அருகே 3 டெசிபல் குறைத்தால் சொற்கள் வெளியே வரும். இன்னொன்று: சினிமாப் பாட்டின் நிலாவும் தென்றலும் வேண்டாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களமும் செம்பனைக் குலை லோரியும் உங்கள் பேச்சில் இருக்கின்றன. பாட்டிலும் வரட்டும்.

மேடை

முதல் மூன்று நிகழ்ச்சி ஊருக்குள்ளேயே இருக்கட்டும்: தீபாவளித் திறந்த இல்ல விருந்து, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் இரவு, திருவிழாவின் கலை நிகழ்ச்சி. அரை மணிக்கு ஆறு பாட்டு, அதில் இரண்டு ஊருக்குத் தெரிந்த பாட்டு. கோயில் திடலில் பூசை முடிந்த பிறகே சவுண்ட் செக். அங்கே ஒலி அமைப்பாளர் பக்திப் பாட்டுக்காக எக்கோவைத் தூக்கி வைத்திருப்பார். அண்ணன், எங்களுக்கு எக்கோவை முழுதும் எடுத்துவிடுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். டிரம்ஸோடு எக்கோ சேர்ந்தால் ஒரு சொல்லும் புரியாது. பாடுபவரை நோக்கி வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை எஸ்எம்58இன் பின்பக்கத்துக்கு நேராக வையுங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் ஊளை எழும்.

நீங்களே நிகழ்ச்சி நடத்துவதானால் தோட்ட நிர்வாகியின் கடிதம், போலீஸ் அனுமதி, ஊராட்சி மன்றத்தின் கேளிக்கை உரிமம் மூன்றையும் ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். சுங்கை சிப்புட்டுக்கு அந்த மன்றம் கோலகங்சார் நகராண்மைக் கழகம்.

அடுத்த படி ஈப்போ. மலாய், சீனப் பேண்டுகளோடு மேடையைப் பகிருங்கள். பிட்டர்ஸ்வீட் போன்ற பேண்ட் கிளம்பிய நகரம் அது, இண்டி ராக்கைக் காசு கொடுத்துக் கேட்கும் காது அங்கே இருக்கிறது. டிரம் செட்டை ஏற்ற வேண்டாம். ஸ்னேர், சிம்பல், கிக் பெடல் மூன்றை மட்டும் எடுத்துப் போனால் மைவி காரில் நால்வரும் அடங்குவீர்கள். கூடவே 13 ஆம்பியர் ஃபியூஸ் நான்கு, ஒரு செட் கம்பி, கூடுதல் கேபிள் இரண்டு.

பதிவும் வெளியீடும்

முதல் வெளியீட்டுக்கு நான்கு பாட்டுப் போதும். தகரக் கூரையில் மழை விழுந்தால் அன்றைய வேலை போச்சு. பிற்பகல் மழைக் காலத்தில் காலை எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் டிரம்ஸை முடியுங்கள். நான்கு மைக்கே போதும்: ஒன்று ஸ்னேருக்கு நேர் மேலே ஒரு மீட்டர் உயரத்தில், இன்னொன்று ஃப்ளோர் டாமின் பக்கத்திலிருந்து ஹைஹேட்டை நோக்கி, மூன்றாவது கிக்கில், நான்காவது ஸ்னேர் அருகில். முதல் இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், கயிறு பிடித்து அளந்துவிடுங்கள். தூரம் பிசகினால் ஸ்னேர் ஒலி மெலிந்து போகும். 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல். ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதில் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமப்படுத்துவதால், கடைசி ஒலிச் சீரமைப்பான மாஸ்டரிங்கில் நசுக்கி நசுக்கிச் சத்தம் ஏற்றி ஒரு பயனும் இல்லை.

பாட்டை இணையத் தளங்களுக்கு விநியோகிப்பவரிடம் நான்கு வாரத்துக்கு முன் ஏற்றுங்கள். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். ஸ்பாட்டிஃபை பட்டியல்களுக்குப் பரிந்துரைக்க வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்னால் கொடுக்க வேண்டும். 2024 முதல் பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே காசு இல்லை. எனவே வருமானத்துக்குப் பேண்டின் டி-சட்டை விற்பனையையே நம்புங்கள். ஒரே நிறத்தில் அச்சடியுங்கள், நிறம் கூடக் கூட அச்சுக் கூலியும் கூடும். மின்னல் எஃப்எம், ராகா வானொலிகளுக்கு மூன்றரை நிமிடத்துக்குள் அடங்கும் தனிப் பிரதி கொடுங்கள், குரல் முதல் பதினைந்து விநாடிக்குள் வரட்டும்.

1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டை எழுதியோ ஒலிப்பதிவு செய்தோ வைத்த கணமே உரிமை உங்களுடையது. ஆதாரம் வேண்டுமென்றால் அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் தன்னார்வ அறிவிப்புக் கொடுக்கலாம். பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்று நால்வரும், இசை ஆசிரியர்களின் உரிமைத் தொகையை வசூலித்துக் கொடுக்கும் எம்ஏசிபியில் சேர்ந்து, தாளில் எழுதிய பங்கின்படியே பாட்டுகளைப் பதியுங்கள்.

இரண்டாவது வெளியீட்டில் ஒலி மாறலாம், மாறத்தான் வேண்டும். ஆனால் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உறுமியைக் கொண்டுவருவதானால் ஒரு பாட்டை முழுக்க அதன் மேல் கட்டுங்கள். எல்லாப் பாட்டிலும் கொஞ்சம் தூவினால் அது அலங்காரமாக நின்றுவிடும். இரண்டு கித்தாரும் ஒரே சுரக்கூட்டை (கார்டு) ஒரே இடத்தில் வாசிப்பது முதல் ஆண்டில் எல்லாருக்கும் வரும் பழக்கம். இரண்டாம் ஆண்டில் ஒருவர் பன்னிரண்டாம் கட்டைக்கு மேலே போய்விடுங்கள், அல்லது வாசிக்காமல் இருங்கள்.

ஆள் போகும்போது

ஜொகூருக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவரை உடனே மாற்ற வேண்டாம். முதல் ஆறு மாதம் அவர் தம் பகுதியை அங்கிருந்தே பதிந்து அனுப்பட்டும், நேர்ப் பயிற்சியை எல்லாரும் ஊர் திரும்பும் தீபாவளி, சீனப் புத்தாண்டு விடுமுறைகளில் வையுங்கள். அதற்குள் மேடை வாய்ப்பு வந்தால் மாற்று ஆளைக் கூலிக்கு அழையுங்கள், பங்குதாரராகச் சேர்க்காதீர்கள். ஆறு மாதம் கழித்தும் ஒத்துவரவில்லை என்றால் முன்னறிவிப்பு விதியைப் பயன்படுத்துங்கள். பொதுச் சாமான் பேண்டிடம் இருக்கும், கடவுச்சொற்கள் அன்றே மாறும், நிதியில் அவர் பங்கைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள்.

புதியவர் வந்ததும் பழைய பாட்டில் மூன்றை மட்டும் தாளைப் பார்த்துப் பழகட்டும், நான்காவதாக அவரோடு சேர்ந்து ஒரு புதிய பாட்டை எழுதுங்கள். அந்தப் பாட்டின் பங்கில் அவர் பெயர் வரும். பழைய பாட்டுகளின் பங்கும் எம்ஏசிபி வழியாக வரும் பணமும் போனவருக்கே தொடரும், அதில் கை வைக்கக் கூடாது.